இருமுறை எரிந்து, ஒருமுறை பிரிந்த நூலகம்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், பேராசிரியர்களின் புகழையும் கட்டடங்களின் எழிலையும் பட்டம் பெற்றோரின் தொகையையும் விரித்துரைப்பர். நூலகத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஓர் அதிகாரத்தின் இறுதியில் இரண்டொரு வரிகளே இடம்பெறும். ஆயினும், முன்னோர் தேடிய அறிவைப் பெற்று, காத்து, பின்வருவோர் கையில் ஒப்படைக்கும் அரும்பணி அந்த நூலகத்திலேதான் ஓசையின்றி நடைபெறுகின்றது. அப்பணி தடைப்படும்போதுதான் அதன் அருமையை நாம் உணர்கின்றோம்.

இதற்குச் சான்றாக, பெல்ஜிய நாட்டின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றை இங்கே சிந்திக்க விழைகின்றோம். லூவேன் என்பது பிரெஞ்சு வழக்கு. அந்நகர மக்களின் டச்சு மொழியில் அது லெவன் எனப்படும். தொழுநோயாளரின் திருத்தூதரான புனித தமியானின் உடல் 1936இல் மொலோக்காய்த் தீவிலிருந்து கொணர்ந்து அடக்கம் செய்யப்பட்டதும் இந்நகரிலேதான். இங்குள்ள நூலகத்தை இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும் இருமுறை எரித்தன. மூன்றாவதாக அதற்கு நேர்ந்த இடர் போரால் வந்ததன்று. உடன்பிறந்தார் போன்றோரின் பூசலால் வந்தது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஒரு நூலகம் யாருக்கு உரியது என்னும் வினா நம்முன் எழுகின்றது.

நூலகம் இல்லாத இரு நூற்றாண்டுகள்

பிரபாந்துக் கோமகன் நான்காம் ஜானின் வேண்டுகோளை ஏற்று, திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் 1425ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இப்பல்கலைக்கழகத்தை நிறுவ ஆணை வழங்கினார். 1432இல் இறையியல் கல்விக்கும் இசைவு கிடைத்தது. பிற்காலத்தில் ஆறாம் அதிரியான் என்னும் பெயரில் திருத்தந்தையாக விளங்கியவர் இங்கே பேராசிரியராக இருந்தவரே. எராஸ்முசின் பெருமுயற்சியால் 1517இல் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளைக் கற்பிக்கும் கல்லூரி ஒன்று தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில், புனித தாமஸ் மூரின் 'உத்தோப்பியா' முதன்முதலாக அச்சேறியதும் இந்நகரத்து அச்சுக்கூடம் ஒன்றிலேதான்.

இத்துணைப் புகழ் வாய்ந்த பல்கலைக்கழகத்துக்கு, முதல் இரு நூறு ஆண்டுகள் பொது நூலகம் ஒன்று இல்லை என்பது வியப்புக்குரியது. கல்லூரிகளும் துறவு மடங்களும் தத்தம் நூல்களைத் தாமே வைத்திருந்தன; பேராசிரியர்கள் தம் இல்லங்களில் சேர்த்திருந்தனர். மாணவன் ஒருவன் நூலொன்றைக் காண வேண்டுமாயின், அதனை வைத்திருப்பவரின் தயவை நாடியே ஆகவேண்டும்.

இந்நிலையை மாற்றியது கொடையுள்ளமே. இங்குக் கற்றவரும் ஆண்ட்வெர்ப் நகர மறைமாவட்டக் குருவுமாகிய லோரன்ஸ் பெயர்லிங்க், 1627இல் தாம் இறக்கும் வேளையில், 850க்கும் மேற்பட்ட தம் நூல்களைத் தம்மை வளர்த்த பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார். அடுத்து மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் தொகுப்பும் வந்து சேர்ந்தது. 1636இல், பதினான்காம் நூற்றாண்டில் துணி வணிகர் கட்டிய பழைய மண்டபத்தில் பொது நூலகம் திறக்கப்பட்டது. முதல் நூலகரான வலேரியஸ் ஆந்திரேயாஸ் அவ்வாண்டிலேயே அதன் நூற்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். நூல்களைச் சேர்த்து வைப்பதோடு நில்லாமல், இன்னின்னவை இங்குள்ளன என்று உலகுக்கு அறிவித்தபோதே அது பொது நூலகமாயிற்று எனலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நூலகத்துக்கெனத் தனிப் பகுதி ஒன்று கட்டப்பட்டது. பின்னாளில் ஆண்ட்வெர்ப் ஆயராக உயர்ந்த நெலிஸ் என்பவர் நூலகராக இருந்து அதனை வளர்த்தார். ஆனால், பிரெஞ்சுப் புரட்சியின் அலை அந்நாட்டையும் சூழ்ந்தது. அரிய நூல்கள் பல பாரிசு நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1797இல் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. பெல்ஜியம் விடுதலை பெற்றபின், ஆயர்கள் 1834இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை மெக்கலன் நகரில் மீண்டும் நிறுவி, அடுத்த ஆண்டில் லூவேனுக்குக் கொணர்ந்தனர். நூலகமும் தன் பழைய மண்டபத்தில் மீண்டும் வாழத் தொடங்கிற்று.

முதல் நெருப்பு

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் லூவேனுக்குள் நுழைந்தன. 25ஆம் நாள் மாலை, நகரில் துப்பாக்கி ஓசை கேட்டது. பொதுமக்களே தம்மைச் சுடுவதாகப் படைவீரர்கள் நம்பினர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அன்றிரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நகர மக்களுள் 248 பேர் உயிரிழந்தனர். வீடுகள் தெருத்தெருவாகக் கொளுத்தப்பட்டன. நூலகத்துக்கும் தீ வைக்கப்பட்டது.

அழிந்த நூல்களின் தொகை 2,30,000 என்பாரும் உளர். 3,00,000 என்பாரும் உளர். இடைக்காலக் கையெழுத்துப் படிகள் பல நூறும், அச்சுக்கலை தோன்றிய ஐம்பது ஆண்டுகளுக்குள் அச்சான அருநூல்கள் பல நூறும் அவற்றுள் அடங்கும். அச்சு நூலுக்கு வேறிடத்தில் மற்றொரு படி கிடைக்கலாம். கையெழுத்துப் படியோ உலகில் ஒன்றே. அது எரிந்தால், அதனை எழுதிய கையும், அதன் ஓரத்தில் குறிப்பெழுதிய கைகளும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன.

மெக்கலன் பேராயராக இருந்த கர்தினால் மெர்சியே, இப்பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர். 1889இல் அங்கே மெய்யியல் உயர்கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென அவர் எழுதிய ஆயர் மடல், தம் மக்களின் துயரத்தோடு லூவேனின் அழிவையும் உலகறியச் செய்தது. மறுபுறம், அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மானிய அறிஞர் 93 பேர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று வெளிவந்தது. லூவேனில் தம் படைகள் கொடுமை இழைத்தன என்பது உண்மையன்று என்று அது மறுத்தது. மாக்ஸ் பிளாங்க், இரான்ட்கன் போன்ற மாபெரும் அறிவியலாரின் பெயர்களும் அதில் இருந்தன. கற்றோரே, பிறிதொரு நாட்டுக் கற்றோரின் இழப்பைக் கண்ணால் காணாமலேயே மறுத்துரைத்தது, நூலக எரிப்புக்கு அடுத்தபடியாக நம் நெஞ்சைச் சுடும் செய்தியாகும்.

உலகம் அளித்த கொடை

நெருப்பு அணைந்த சில மாதங்களிலேயே உதவிக் கரங்கள் நீண்டன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் முதலில் முன்வந்தது. அதன் நூலகர் ஹென்றி கப்பி, தம்மிடம் இரட்டைப் படியாக இருந்த நூல்களைத் தனியே எடுத்து வைத்ததோடு, பிறரும் கொடுக்கும்படி வேண்டுகோள் விடுத்தார். போர் நடந்துகொண்டிருந்தது, அனுப்புவதற்கு வழியில்லை, பெறுவதற்கு லூவேனில் ஒரு கூரையும் இல்லை. ஆயினும் நூல்கள் வந்து குவிந்தவண்ணமிருந்தன. 1925க்குள் 55,000க்கும் மேற்பட்ட நூல்கள் இவ்வழியே லூவேனை அடைந்தன.

1919இல் ஒப்பமான வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு, எரிந்தவற்றுக்கு எண்ணிக்கையிலும் மதிப்பிலும் ஈடான கையெழுத்துப் படிகளையும் நூல்களையும் படங்களையும் ஜெர்மனி தரவேண்டும் என்று பணித்தது. தண்டத் தொகையைப் பொன்னாகவும் நிலக்கரியாகவும் வரையறுத்த உடன்படிக்கையில், ஒரு நூலகத்துக்காகத் தனிப் பிரிவு இடம்பெற்றது நினைக்கத்தக்கது. ஜெர்மானிய நூலகர்களும் நூல் வணிகர்களும் ஆண்டுக்கணக்கில் தேடி அந்நூல்களைச் சேர்த்து அனுப்பினர்.

புதிய கட்டடம் அமெரிக்க மக்களின் நன்கொடையால் எழுந்தது. பள்ளி மாணவர் தந்த சிறு காசுகளும் அதில் அடங்கும். உதவிய பள்ளிகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் பெயர்களைக் கட்டடத்தின் கற்களில் இன்றும் படிக்கலாம். கட்டடக் கலைஞர் விட்னி வாரன் அதனை வடிவமைத்தார். 1921இல் கர்தினால் மெர்சியேயின் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. போரில் உயிர்நீத்த தம் தோழர்களின் நினைவாக, அமெரிக்கப் பொறியாளர் சங்கங்கள் கோபுரத்துக்கு 48 மணிகள் கொண்ட மணித்தொகுதியை வழங்கின. 1928ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நூலகம் திறக்கப்பட்டது.

எழுதப்படாத ஒரு வரி

திறப்பு விழாவின்போது அந்நகரம் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. அதற்குக் காரணம் நூலக முகப்பின் கைப்பிடிச் சுவரில் பொறிக்க வாரன் எண்ணியிருந்த ஓர் இலத்தீன் வரி. ஜெர்மானியரின் வெறியால் தகர்ந்தது, அமெரிக்கரின் கொடையால் எழுந்தது என்பது அதன் பொருள். கர்தினால் மெர்சியே அதற்கு இசைவு தந்திருந்தார். ஆனால் 1926 ஜனவரியில் அவர் காலமானார். அதன்பின், பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஆயர் லாதெஸ், அவ்வரியைப் பொறிக்க இசைய மறுத்தார். கல்விக் கூடத்தின் நெற்றியில் பகையைப் பொறித்தல் ஆகாது என்பது அவர் நிலை.

இதனை நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிட முடியாது. வாரனின் பக்கம் நின்றவர்கள், வெறும் பழிவாங்கும் நோக்கமுடையோர் அல்லர். உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் அவர்களுள் இருந்தனர். நடந்ததை நடந்தபடி எழுதுவது உண்மைக்குச் செய்யும் கடமை என்று அவர்கள் கருதினர். உண்மையை மறுத்து 93 அறிஞர் கையொப்பமிட்டதை அவர்கள் மறந்திருக்க முடியுமா? லாதெசும் உண்மையை மறைக்க விரும்பியவர் அல்லர். அந்நூலகத்தின் படிகளில் நாளை ஏறிவரும் மாணவருள் ஜெர்மானியரும் இருப்பர் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். மாணவர் கிளர்ச்சி செய்தனர். எழுத்தில்லாமல் வைக்கப்பட்ட கைப்பிடிச் சுவரைத் தொழிலாளர் ஒருவர் அடித்து நொறுக்கினார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் வெற்றுச் சுவரே நிலைத்தது. அந்த வரி 1936இல், 1914இன் படுகொலைகளால் துயருற்ற தினான் நகரத்து நினைவுச் சின்னத்தில் இடம்பெற்றது. 1940இல் ஜெர்மானியப் படைகள் அதனைத் தகர்த்தன.

அடைக்கலமும் இரண்டாம் நெருப்பும்

லாதெசின் மறுப்புக்குப் பொருள் விளங்க நெடுநாள் ஆகவில்லை. 1938 ஏப்ரலில் ஜெர்மானிய மெய்யியலார் எட்மண்ட் ஹுசெர்ல் பிரைபர்க் நகரில் இறந்தார். யூதக் குலத்தவர் என்பதால் தம் நாட்டிலேயே ஒதுக்கப்பட்டிருந்தவர் அவர். சுருக்கெழுத்தில் அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 40,000 பக்கங்கள், நாசியர் கையில் அகப்பட்டால் அழிந்துவிடும் நிலையில் இருந்தன. அச்சுருக்கெழுத்தின் ஒரு பகுதியை முன்னாளில் படித்தெழுதிக் கொடுத்த உதவியாளர், பின்னர் கார்மேல் துறவியாகி ஆஷ்விட்சில் உயிர்நீத்த எடித் ஸ்டைன். 1998இல் புனிதராக உயர்த்தப்பட்டவர்.

அப்பக்கங்களைக் காத்தவர் லூவேனைச் சார்ந்த இளம் பிரான்சிஸ்கன் துறவி, அருள்தந்தை வான் பிரேதா. ஆராய்ச்சிக்காகப் பிரைபர்க் சென்ற அவர், நிலைமையை உணர்ந்து, பெல்ஜியத் தூதரகத்தின் துணையோடு அவற்றை எல்லை கடத்தி லூவேனுக்குக் கொணர்ந்தார். ஜெர்மானியப் படை எரித்த நகரமே ஜெர்மானியச் சிந்தனையாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்புக்கு அடைக்கலம் தந்தது. கர்தினால் மெர்சியே நிறுவிய மெய்யியல் நிறுவனமே அவற்றின் இல்லமாயிற்று. கணவரின் ஏடுகளைத் தொடர்ந்து வந்த ஹுசெர்லின் மனைவியும், போர் முடியும்வரை லூவேனுக்கு அருகில் ஒரு கன்னியர் மடத்தில் மறைந்து வாழ்ந்தார்.

1940 மே 16ஆம் நாள் இரவு, போரின் நடுவே நூலகம் மீண்டும் தீப்பற்றியது. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்தினர். ஏறத்தாழ 9 இலட்சம் நூல்கள் சாம்பலாயின. முதல் நெருப்புக்குப் பின் உலகெங்குமிருந்து வந்த கொடைகளும், ஜெர்மனி அனுப்பிய ஈட்டு நூல்களும் அவற்றுள் அடங்கும். ஹுசெர்லின் ஏடுகள் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின. நூல்களை ஒரே கூரையின்கீழ் குவிப்பதிலுள்ள இடரை இவ்விரு தீயும் உணர்த்தின. போருக்குப்பின் வாரனின் வடிவத்திலேயே கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டது. நூல்களும் மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன.

ஒற்றை எண், இரட்டை எண்

இருமுறை எரிந்தபோதும் சிதையாத ஒருமைப்பாடு, அமைதிக் காலத்தில் சிதைந்தது. லூவேன் டச்சு மொழி பேசும் பிளாந்தர் பகுதியைச் சேர்ந்தது. பல்கலைக்கழகமோ நெடுங்காலம் பிரெஞ்சு மொழிக்கே முதன்மை தந்து வந்தது. தம் மண்ணில் தம் மொழி தாழ்த்தப்பட்டதை எண்ணிப் பிளெமிய மக்கள் வருந்தியது நியாயமே. பின்னர் இரு மொழிப் பிரிவுகளும் அருகருகே இயங்கின. ஆனால், பிரெஞ்சுப் பிரிவு அந்நகரை விட்டு அகலவேண்டும் என்னும் முழக்கம் 1960களில் ஓங்கியது. பல்கலைக்கழகம் ஒன்றாகவே நிலைக்கவேண்டும் என 1966 மே மாதத்தில் ஆயர்கள் அறிவித்தது, எரியும் நெருப்பில் எண்ணெயாயிற்று. 1968 பிப்ரவரியில் இப்பூசலால் நாட்டின் அரசே கவிழ்ந்தது. 1970இல் பல்கலைக்கழகம் சட்டப்படி இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பல்கலைக்கழகம், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் 'புதிய லூவேன்' என்னும் நகரத்தை வயல்வெளியில் எழுப்பிக் குடியேறியது.

வகுப்பறைகளைப் பிரிக்கலாம், பேராசிரியர்களையும் மொழிவாரியாகப் பிரிக்கலாம். நூலகத்தை எப்படிப் பிரிப்பது? இலத்தீன் நூல் எந்த மொழியாருக்கு உரியது? பொது நூல்களில் பெரும்பகுதிக்கு, அடுக்கு எண்ணே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஒற்றைப்படை எண்ணுடையவை பழைய லூவேனிலேயே தங்கின. இரட்டைப்படை எண்ணுடையவை புதிய லூவேனுக்குச் சென்றன. சாலமோன் அரசரின் முன் குழந்தையை இரண்டாக வெட்டப் புகுந்த நிகழ்ச்சியே நம் நினைவுக்கு வருகின்றது. அங்கே உண்மைத் தாய் தன் உரிமையை விட்டுக்கொடுத்தாள், குழந்தை பிழைத்தது. இங்கே விட்டுக்கொடுக்க இரு தரப்பாருக்கும் மனம் வரவில்லை.

இதில் நாம் கருதவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. பகைவன் எரித்தபோது உலகமே இரங்கிக் கொடுத்தது. உள்ளிருந்தே பிரிந்தபோது கொடுப்பதற்கு எவரும் இல்லை. கொடுத்து ஆறும் புண்ணாகவும் அது இல்லை. இரு தரப்பாரும் கிறிஸ்தவர். ஒரே திருப்பலியில் பங்குகொண்டோர். ஒரே அன்னையின் மடியில் கற்றோர். தாய்மொழியின் மாண்பைக் காப்பது அறமே. ஆனால், அவ்வறத்தின் பெயரால் பொதுச் சொத்தை எண்ணிப் பங்கிட்டது அறமாகுமா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

மீண்டும் துளிர்த்தவை

பிரிவுக்குப்பின் இரு பல்கலைக்கழகங்களும் தத்தம் நூலகங்களை வளர்த்தன. புதிய லூவேனின் நடுவிடத்தில், ஆலயத்துக்கும் முன்னரே அறிவியல் நூலகம் ஒன்று 1970களில் எழுந்தது. 2017 முதல் அக்கட்டடம் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய லூவேனில் இறையியல் நூலகம் 1974இல் தனிக் கட்டடம் பெற்றது. இயேசு சபையாரும் பிற துறவியரும் தம் மடங்களில் காத்த நூல்களை அதனிடம் ஒப்படைத்தனர். இன்று 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு அது இறையியல் நூலகங்களுள் முன்னணியில் நிற்கின்றது. செலஸ்தீன் துறவியரின் பழைய மடம், 2002இல் இசுபானியக் கட்டடக் கலைஞர் இரஃபேல் மொனேயோவின் கைவண்ணத்தில் அறிவியல் நூலகமாயிற்று. துறவியர் மௌனமாய்ச் செபித்த இடத்தில் இன்று மாணவர் மௌனமாய்ப் படிக்கின்றனர்.

2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், 600ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு இரு பல்கலைக்கழகங்களுக்கும் அடுத்தடுத்த நாள்களில் சென்றார். இரண்டும் தம் பிறப்பை 1425இலிருந்தே எண்ணுகின்றன. பிரிந்த பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ஒன்றாகவே இருக்கின்றது. பழைய லூவேனில் பேராசிரியர்களை அவர் சந்தித்த கூடம், 1914இல் எரிந்து மீண்டும் எழுப்பப்பட்ட அதே பழைய மண்டபத்தில் உள்ளது.

நூலகம் யாருக்கு உரியது என்று தொடக்கத்தில் வினவினோம். பெயர்லிங்க் தம் நூல்களை எழுதிவைத்தபோது, அவற்றைப் படிக்கப்போகும் மாணவரின் முகத்தை அவர் அறிந்திருக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் காசு கொடுத்தபோது, லூவேன் எங்குள்ளது என்பதையே பலர் அறிந்திருக்கமாட்டார்கள். வான் பிரேதா ஏடுகளைச் சுமந்தபோது, அவற்றை முழுதும் படித்தறிய எவருக்கும் ஒரு வாழ்நாள் போதாது என்பதை அறிந்தே சுமந்தார். முகமறியாதவருக்காகச் சேர்த்தவர்களாலேயே அந்நூலகம் ஒவ்வொரு முறையும் எழுந்தது. ஆகவே, இன்னும் பிறவாதவருக்கும் அதில் பங்குண்டு. இன்று அதனை ஆள்வோர் அவர்களின் உடைமைக்குக் காவலரே. இன்றும் புதிய லூவேனில் ஆராயும் மாணவர் ஒருவருக்கு ஒற்றைப்படை எண்ணுடைய பழைய நூலொன்று தேவைப்படுமாயின், அவர் பிரிந்துபோன உடன்பிறப்பின் வாசலுக்கே சென்று கேட்கவேண்டும். கேட்பதும் கொடுப்பதும் நிகழும்வரை, அது ஒரே நூலகமாக வாழ்கின்றது என்று நாம் நம்பலாம்.